மீன் சாகவில்லை, சரி… அப்புறம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உங்க வேலையைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். விலங்கியல் படித்துவிட்டு மீன் தொட்டிக்கு முன்னால் காலத்தைக் கழித்தவன் நான். ஒரு பொருளைத் தண்ணீரில் கலந்து, நாலு நாளில் எத்தனை மீன் சாகிறது என்று எண்ணுவது தொழில். கேட்கவே நல்லா இல்லைதான். ஆனால் யாராவது எண்ணித்தான் ஆகவேண்டும்.

முறை எளிது. ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 203ஆம் எண் வழிகாட்டி 1981இல் வந்தது. 1992இலும் 2019இலும் திருத்தினார்கள். ஐந்து அளவுகளில் பொருளைக் கலக்க வேண்டும், தொட்டிக்கு ஏழு மீனாவது விட வேண்டும், 96 மணி நேரம் பார்க்க வேண்டும். பாதி மீன் சாகிற அளவுக்கு எல்.சி.50 என்று பெயர். ஜீப்ரா மீன்தான் பெரும்பாலும். வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். கங்கைப் பகுதி மீன்களை எழுதிய ஹாமில்டன் 1822இல் விவரித்த நம்ம நாட்டு மீன்.

இந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. நம் பருத்திக் காட்டில் அடித்தோமே எண்டோசல்ஃபான், அது லிட்டருக்குச் சில மைக்ரோகிராமிலேயே மீனைக் கொல்லும். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அப்படிப்பட்ட விஷத்துக்கு எல்.சி.50 பொய் சொல்லாது.

என்னைச் சறுக்கிவிட்டது விஷமே இல்லாத ஒரு சரக்கு. கொழுப்பு அமில கிளிசரைடு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கிளிசரால் என்ற முதுகெலும்பில் ஒன்றோ இரண்டோ மூன்றோ கொழுப்பு அமிலம் தொங்கினால் கிளிசரைடு. மூன்று தொங்கினால் நம்ம கடலை எண்ணெய், நல்லெண்ணெய். ஒன்றும் இரண்டும் ஐஸ்கிரீமிலும் ரொட்டியிலும் இருக்கிறது. பாக்கெட்டில் 471 என்று போட்டிருப்பான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தனியார் ஆய்வகம். பெயர் வேண்டாம். இப்படி ஒரு கிளிசரைடு கலவை சோதனைக்கு வந்தது. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் வரை போட்டோம். ஒரு மீன்கூடச் சாகவில்லை. எப்படிச் சாகும்? எண்ணெய் மேலே ஏடாக நிற்கிறது, கண்ணாடி ஓரத்தில் வளையம் கட்டியிருக்கிறது, மீன் கீழே ஜாலியாக நீந்துகிறது. நாலு நாளும் அதை என் கண்ணால் பார்த்தேன். அறிக்கையில் 'எல்.சி.50: 1000 மில்லிகிராமுக்கு மேல்' என்று தட்டச்சு செய்து கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

தம்பிகளே, அது பொய்க் கையெழுத்து. போட்டது 1000, கரைந்தது எவ்வளவு? அளக்கவே இல்லை. நீண்ட சங்கிலி உள்ள கிளிசரைடு நீரில் கரைவது மிகச் சொற்பம். 'நீரில் கரையக்கூடிய அளவு வரை, 96 மணி நேரத்தில் மரணம் இல்லை. கரைந்தது இவ்வளவு என்று அளந்தோம்'. எழுதியிருக்க வேண்டியது இதுதான். சங்கிலி குறுகினால் கதை மாறும்: லாரிக் அமிலத்தின் மோனோகிளிசரைடு சோப்புக் குணம் காட்டும். எல்லாவற்றையும் ஒரே பெயரில் கட்டிப்போட்டு 'பாதுகாப்பானது' என்று சொல்லக்கூடாது.

இது எனக்கு உறைத்தது ஊரில்தான். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இளையரசனேந்தல். சித்தப்பா கம்மாய் மீன் பாசியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பெருமையாக என் வேலையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அது மீனைக் கொல்லாதுன்னு எழுதிட்டே. அப்ப நம்ம கம்மாய்க்குள்ள ஒரு டின் கொண்டுவந்து ஊத்தினா பரவாயில்லையாடே?" என்றார். பதில் சொல்ல வரவில்லை.

பின்னால் கணக்குப் போட்டேன். ஒரு கிராம் எண்ணெய் முழுக்கச் சிதைய ஏறத்தாழ 2.9 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். நம்மூர் வெயிலில், 30 டிகிரியில், ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து வைப்பது 7.5 மில்லிகிராம்தான். 15 கிலோ டின் ஒன்று சிதைந்தால், சுமார் 58 லட்சம் லிட்டர் தண்ணீரின் ஆக்ஸிஜன் போய்விடும். காற்றிலிருந்து மறுபடி சேரும், உண்மை. ஆனால் மேலே ஏடு கட்டினால் அதுவும் தாமதம். என் தொட்டியிலோ காற்றுக் குழாய் இருபத்துநாலு மணி நேரமும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஆக்ஸிஜன் 60 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது சோதனையின் விதி. அப்படியானால் கம்மாயில் மீனைக் கொல்லப்போகிற காரணத்தை நாங்களே வெளியே நிறுத்திவிட்டுத்தான் சோதனை செய்திருக்கிறோம்!

மீன் வளர்க்கிறவர்களுக்கு எண்ணெய் ஏட்டின் வேலை நன்றாகத் தெரியும். நாற்றங்கால் குளத்தில் குஞ்சு விடுமுன் எக்டேருக்கு 56 கிலோ எண்ணெயும் 18 கிலோ சோப்பும் கலந்து தெளிப்பார்கள். மேலே வந்து மூச்சுவிடும் பூச்சிகள் ஏட்டில் மாட்டி மூச்சுமுட்டிச் சாகும். விஷத்தால் அல்ல, மூச்சு அடைத்து. 1963 ஜனவரியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் சோயா எண்ணெய்த் தொட்டி உடைந்து ஆற்றில் கலந்தது. நாம் சமைத்துச் சாப்பிடுகிற எண்ணெய்தான். இறகில் ஒட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான வாத்துகள் செத்தன. எந்த எல்.சி.50யிலும் அந்த வாத்துகள் கணக்கில் வராது.

நம் நாட்டுச் சட்டம் இதில் பரவாயில்லை. கழிவுநீரை அப்படியே தொட்டியில் ஊற்றி 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன் பிழைக்க வேண்டும் என்கிறது. கூடவே எண்ணெய்ப் பசை லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் ஆற்றில் விடக்கூடாது, பி.ஓ.டி. 30ஐத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் சித்தப்பாவுக்குப் பதில் கிடைக்கும்.

மீனைக் கொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. கரையாத பொருளுக்கு முப்பது நாற்பது மீனைப் பலியிடுவானேன்? முதலில் கரைதிறனை அளக்கலாம். முட்டைக் கருவில் செய்யும் 236ஆம் வழிகாட்டி 2013இல் வந்தது. செவுள் செல்லிலேயே பார்க்கும் 249 என்பது 2021இல் வந்தது. நான் படித்த காலத்தில் இது கிடையாது. உங்களுக்கு இருக்கிறது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். விலங்கியல் துறை மாணவர்கள் யாராவது புராஜெக்டுக்கு ஊர் தேடினால், கார்த்திகையில் கம்மாய் பெருகியதும் இளையரசனேந்தலுக்கு வாருங்கள். விங்க்ளர் முறைக்கு வேண்டிய பாட்டில்களை மட்டும் கொண்டுவந்தால் போதும். ஆனால் விடியுமுன் நாலரை மணிக்கு எழுந்திருக்கணும். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாக இருப்பது அப்போதுதான். தங்குவதும் சாப்பாடும் எங்கள் வீட்டில். சித்தப்பா கேள்வி கேட்பார், தயாராக வாருங்கள்.