பதினான்கும் பதினெட்டும்

(மும்பையில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் சிலம்பும் குறளும் முழங்கக் கேட்டு மகிழ்கின்றோம். இன்று அவற்றைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்து, ஒரு வயதைப் பற்றிச் சில சொற்கள் கூற முன்வந்துள்ளோம். பத்தாம் வகுப்புத் தேறிப் புகைவண்டித் துறையில் எழுத்தராய் அமர்ந்த நாம் கல்வி குறித்துப் பேசத் தகுதியுடையோமா எனச் சிலர் எண்ணக்கூடும். அந்தப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒரு குடும்பத்திற்கு என்ன செய்யும் என்பதை நாள்தோறும் உண்ணும் சோற்றில் கண்டவர்கள் நாம். அதுவே நமக்குள்ள தகுதி.

ஒரு பிள்ளை எந்த வயதில் பள்ளியை விட்டு நீங்கலாம்? நம் நாட்டுச் சட்டம் தரும் விடை பதினான்கு என்பதே. 6 வயது முதல் 14 வயது வரை, அதாவது முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு முடியும் வரை, கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி பெறுவது குழந்தையின் உரிமை. அதன்பின் பிள்ளையைப் பள்ளியில் இருத்துமாறு அச்சட்டம் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

இந்தப் பதினான்கும் எளிதில் கிட்டியதன்று. கோபாலகிருஷ்ண கோகலே 1911ஆம் ஆண்டில் பேரரசின் சட்டமன்றத்தில் கட்டாயத் தொடக்கக் கல்விக்கென ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். சிறுவர்களுக்கு 6 முதல் 10 வயது வரையேனும் கல்வி வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். 1912இல் அது 13 வாக்குகளுக்கு எதிராக 38 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்றது. 1960 வந்தது; சென்றது. கல்வி அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. 2002இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. 2009இல் சட்டம் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டில் முடிக்க எண்ணிய பணி சட்டமாவதற்கே அறுபதாண்டுகள் ஆயின!

ஆயினும், பதினான்கு வயதில் பள்ளியை விட்ட பிள்ளை எங்கே செல்வான்? நம் துறையையே எடுத்துக்கொள்வோம். நாம் பணியேற்ற காலத்தில் எழுத்தர் வேலைக்குப் பத்தாம் வகுப்பே போதுமானதாயிருந்தது. இன்று அதற்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். தண்டவாளம் பராமரிக்கும் கடைநிலைப் பணிக்கும் இன்று பத்தாம் வகுப்போ தொழிற்பயிற்சிச் சான்றிதழோ கேட்கின்றனர். வயதோ பதினெட்டு நிரம்பியிருத்தல் வேண்டும். மோட்டார் வண்டி ஓட்ட உரிமம் பெறுவதற்கும் பதினெட்டு. பெண்ணின் திருமணத்திற்கும் பதினெட்டு. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 முதல் 18 வயது வரையுள்ளோரை ஆபத்தான தொழில்களில் அமர்த்தலாகாது என்கிறது.

பள்ளி பதினான்கில் விடுகிறது. உலகமோ பதினெட்டில்தான் ஏற்றுக்கொள்கிறது. இடைப்பட்ட நான்காண்டுகளில் ஆண்பிள்ளை தேநீர்க் கடையிலோ பட்டறையிலோ எடுபிடியாகிறான். பெண்பிள்ளை அடுப்படியில் அமர்த்தப்படுகிறாள்; அவள் காதுபடவே மணப்பேச்சும் தொடங்கிவிடுகிறது.

சட்டம் நிற்கும் இடத்திலேயே வேறு சில உதவிகளும் நின்றுவிடுகின்றன. நடுவண் அரசின் மதிய உணவுத் திட்டம் எட்டாம் வகுப்போடு முடிவடைகிறது. நம்மைப் போல் வேற்று மாநிலத்தில் வாழ்வோர்க்கு மற்றுமோர் இடர் உண்டு. தாய்மொழியில் தொடக்கக் கல்வி பயின்ற பிள்ளை, உயர்நிலை வகுப்புகளுக்கு வேறு பள்ளியையும் வேறு மொழியையும் தேடிச் செல்லும் நிலை பல இடங்களில் காணப்படுகிறது. 2021-22ஆம் ஆண்டின் அரசுக் கணக்கின்படி, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பள்ளியை விட்டு நீங்கியோர் நூற்றுக்கு 3 பேர். ஒன்பது, பத்தாம் வகுப்புகளிலோ நூற்றுக்கு 12.6 பேர். சட்டத்தின் கை எங்கே விடுகிறதோ, அங்கேயே பிள்ளையும் நழுவி விடுகிறது அன்றோ?

“வயிற்றுக்கு இல்லாத வீட்டில் வயதை உயர்த்தி என்ன பயன்?” என்று கேட்போர் உளர். நேர்மையான கேள்வியே அது. வறிய பெற்றோரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை நாமும் விரும்பவில்லை. ஆனால், பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்றுணர்ந்த காமராசர், 1956இல் சென்னை மாநிலத்துப் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். சோறு முன்சென்றது, படிப்பு பின்வந்தது. இங்கிலாந்து நாட்டில் பள்ளி வயது 1947இல் 15 ஆகவும், 1972இல் 16 ஆகவும் படிப்படியாக உயர்ந்தது. இன்று அங்கே பதினெட்டு வயது வரை கல்வியிலோ பயிற்சியிலோ இருத்தல் வேண்டும். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் 18 வயது வரை அனைவர்க்கும் கல்வி என்பதைக் குறிக்கோளாகக் கூறுகிறது. குறிக்கோள் சட்டமாதல் வேண்டும்; சட்டத்தோடு உணவும் நூலும் உதவித்தொகையும் உடன்வரல் வேண்டும்.

அதனைச் செய்ய வேண்டியது நாடாளுமன்றம். அதுவரை நாம் வாளாவிருத்தல் தகுமோ? நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, எட்டாம் வகுப்பு முடிக்கும் நம் பிள்ளைகள் அனைவரின் பெயரையும் ஆண்டுதோறும் ஒரு பதிவேட்டில் எழுதுவோம். சூன் மாதத்தில் அவர்கள் ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்தனரா என வீடு தேடிச் சென்று கேட்போம். சரக்குப் பெட்டி ஒன்று வழியில் தங்கிவிட்டால் எத்தனை நிலையங்களுக்குச் செய்தி அனுப்பித் தேடுகின்றோம்! பிள்ளை தங்கிவிட்டால் தேட வேண்டாமா?

இரண்டாவது, உள்ள சட்டத்தையேனும் முழுமையாக அறிவோம். இடையில் பள்ளியை விட்ட குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்தல் வேண்டும். எட்டாம் வகுப்பு முடியுமுன் 14 வயது கடந்துவிட்டாலும், அதை முடிக்கும் வரை கட்டணமின்றிப் பயிலலாம். ஊரிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்று கூறி, தொடக்கக் கல்விக்கு வரும் குழந்தையைத் திருப்பியனுப்புதல் கூடாது. தமிழகத்திலிருந்து ஆண்டின் நடுவே குடிபெயர்ந்து வரும் குடும்பங்களுக்கு இதனை எடுத்துச் சொல்லுதல் நம் கடமை. ஏற்கெனவே பள்ளியை விட்டவர்க்கும் வழி அடைபடவில்லை. 14 வயது நிரம்பியோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

மூன்றாவது, இவ்விழாவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவை அடுத்த ஆண்டு முதல் தனியே எடுத்துவைத்து, ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களின் நூலுக்கும் தேர்வுக் கட்டணத்திற்கும் வழங்குவோம். மேடையில் அமரும் பெரியோர்கள் இதற்கு மனமுவந்து இசைவார்கள் என்று நம்புகிறோம்.

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்தவர்கள் நாம். நிலமோ தோப்போ நம் பிள்ளைகளுக்கு இங்கே இல்லை. கல்வி ஒன்றே நாம் அவர்களுக்கு எழுதிவைக்கக் கூடிய சொத்து. பதினான்கு வயதில் சட்டம் தன் கையை எடுத்துக்கொள்ளட்டும்; நம் சங்கத்தின் கை பதினெட்டு வரை அப்பிள்ளையின் தோள்மேல் இருக்கட்டும்.