நூல் புதிது, கற்பித்தல் புதிதா?

(பர்கூரில் ஆசிரியரும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



2017-இல் அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருட்டிணன் தலைமையில் அமைந்த குழுவின் வழிகாட்டலில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் திருத்தப்பெற்றது. 2018-இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கும், 2019-இல் ஏனைய வகுப்புகளுக்கும் புதுநூல்கள் வந்தன. வண்ணப்படங்களும் செய்முறைகளும் கைப்பேசியால் திறக்கும் குறியீடுகளும் நிறைந்த அறிவியல் நூலை மாணவர் ஆவலோடு புரட்டினர். ஆசிரியரோ, பக்கம் பெருகிய அளவுக்குப் பாடவேளை பெருகவில்லை என்று குறைப்பட்டனர். அக்குறை சோம்பலால் எழுந்ததன்று.

எண்ணிப் பாருங்கள்! பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. முன்னதைத் துரத்தும் ஓட்டத்தில் பின்னது ஆண்டிறுதிக் கடமையாகச் சுருங்கிவிடுகின்றது. செய்து காட்ட ஒரு பாடவேளை வேண்டும். சொல்லி முடிக்கச் சிறுபொழுது போதும். நூலை முடித்தாக வேண்டிய ஆசிரியர் எதனைத் தெரிவார்?

நம் பர்கூரில் கருங்கல் வெட்டும் தொழில் நடக்கின்றது. நிலத்தின் ஆழத்தே உருகிய குழம்பு மிக மெல்ல ஆறியதாலேயே அக்கல்லில் கனிமங்கள் கண்ணுக்குத் தெரியும்படி மணிமணியாகத் திரண்டுள்ளன. விரைந்து ஆறிய எரிமலைக் கல்லிலோ அவை வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியா. கல்லுடைப்பவர் மகன் கையிலுள்ள கல்லை விட்டுவிட்டு, படத்திலுள்ள கல்லை நெட்டுருச் செய்வதா?

மொழியும் அவ்வாறே. 'ஒளிச்சேர்க்கை' என்னும் சொல்லே பாதிப் பாடத்தை உணர்த்திவிடுகின்றது. 'உயிர்வளி' என்றால் அதன் பயன் பெயரிலேயே விளங்கும். தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழியாகக் கொண்ட பிள்ளைகளும் இம்மாவட்டத்தில் உளர். தாய்மொழியில் விளங்கிக் கற்கும் உரிமை அவர்க்கும் உண்டு.

ஓசூர்த் தொழிற்கூடங்கள் நம் பிள்ளைகளை அழைக்கின்றன. அறிவியலை விளங்கிக்கொண்டவன் பொறியை ஆள்வான். நெட்டுருச் செய்தவன் அப்பொறிக்கு ஏவலாளாவான்.

2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை வெளிவந்துள்ளது. இனிவரும் திருத்தத்திலேனும் செய்முறைக்குத் தனிப் பாடவேளை ஒதுக்குக! எதனைக் குறைப்பது என்பதை வகுப்பில் நிற்கும் ஆசிரியரைக் கேட்டு முடிவு செய்க! பெற்றோரே, "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்குமுன் "இன்று என்ன செய்து பார்த்தாய்?" என்று கேளுங்கள். அக்கேள்வி வீடுதோறும் எழுந்தால் பள்ளி அதற்கு விடை சொல்லியே தீரும்.