கடனாக வந்த கல்வி

ரிஷிவந்தியத்திலும் கல்வராயன் மலையூர்களிலும் ஆட்சிப்பணியைக் கனவு காணும் பட்டதாரிகள், மேற்படிப்புக்காகக் கடல் கடக்கும் இந்திய மாணவர்க்கென ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-இல் நிறுவிய நிதியின் சரித்திரத்தை அறிந்திருத்தல் நலம். தானமாக அன்றி, திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாகவே அது வழங்கப்பட்டது. பெறுபவரின் சுயமரியாதைக்கு அதுவே உகந்தது என்பது என் அபிப்பிராயம். கேரளத்து உழவூரில் வறிய தலித் குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கு நாள்தோறும் பல மைல் நடந்த கே. ஆர். நாராயணன், டாட்டா உதவியால் 1945-இல் லண்டன் சென்று, பேராசிரியர் லாஸ்கியிடம் அரசியல் சாஸ்திரம் பயின்று, 1949-இல் அயலுறவுப் பணியில் சேர்ந்து, 1997-இல் குடியரசுத் தலைவரானார். இக்காலத்திலோ, கடன் பாரமேதுமின்றி, தேர்வின் வழியே தெரிவாகும் 1,000 பேருக்கு, குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வுக்குப் பயிலும் பொருட்டு, பத்து மாதங்கள் மாதம் 7,500 ரூபாய் அளிக்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தில் 2023-இல் தொடங்கியது. முதல்நிலையைக் கடந்தவர்க்கு 25,000 ரூபாயும் உண்டு.