304: ஒரு சிறுவன் சொன்ன முகவரி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கால்பந்து பார்க்கும் மாணவர் ஒருவர் சமூக அறிவியல் வகுப்பில் எழுந்து, "லமீன் யமால் எந்த நாட்டுக்காரர்?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? ஸ்பெயின் என்போம். சரியான விடைதான். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் நான்கு பாடங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவதே இன்றைய என் பேச்சு.

முதலாவது, பிறந்த இடம். யமால் 2007 ஜூலை 13 அன்று ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியில், பார்சிலோனாவை ஒட்டிய ஊரில் பிறந்தார்.

இரண்டாவது, பெற்றோரின் நாடு. தந்தை மொராக்கோவைச் சேர்ந்தவர். தாய் எக்குவடோரியல் கினியாவைச் சேர்ந்தவர். இந்த நாடுகள் ஸ்பெயினோடு தொடர்பற்றவை அல்ல. எக்குவடோரியல் கினியா 1968 வரை ஸ்பெயினின் காலனி. மொராக்கோவின் வடபகுதி 1912 முதல் 1956 வரை ஸ்பெயினின் பாதுகாப்பில் இருந்தது. ஒரு குடும்பத்தின் பயணத்துக்குப் பின்னால் வரலாற்றுப் பாடமே இருக்கிறது.

மூன்றாவது, குடியுரிமை. இது சட்டம் தருவது. வெளிநாட்டுப் பெற்றோருக்கு ஸ்பெயினில் பிறக்கும் குழந்தை, பிறந்ததாலேயே பொதுவாக அந்நாட்டுக் குடியாகிவிடுவதில்லை. ஓராண்டு அங்கு வசித்த பிறகு விண்ணப்பிக்கலாம். நம் நாட்டிலும் 1987 ஜூலை முதல், இங்கு பிறந்தாலும் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. பிறப்பும் குடியுரிமையும் வேறு வேறு என்பதை மாணவர்களுக்கு விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

நான்காவது, ஆடும் அணி. மொராக்கோவுக்காக ஆடவும் யமாலுக்கு வாய்ப்பு இருந்தது. அவர் ஸ்பெயினைத் தேர்ந்தெடுத்தார். 2023 செப்டம்பரில், 16 வயதில் களமிறங்கி முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2024 ஐரோப்பியக் கோப்பைக்குச் சென்றபோது பள்ளிப் பாடங்களையும் உடன் எடுத்துச் சென்றார். அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக அவர் அடித்த கோல், அந்தப் போட்டி வரலாற்றில் மிக இளம் வயதில் அடிக்கப்பட்டது. 17 வயது நிறைந்த மறுநாள் ஸ்பெயின் கோப்பையை வென்றது. அவருடைய காலணியில் பெற்றோர் இருவரின் நாட்டுக் கொடிகளும் இருந்தன. ஒன்றைத் தேர்ந்ததற்காக மற்றதை அவர் உதறவில்லை.

இத்தனை விவரமும் நாம் அவரைப் பற்றிச் சொல்வது. அவரே தன்னைப் பற்றி என்ன சொல்கிறார்? கோல் அடித்ததும் விரல்களால் 3, 0, 4 என்று காட்டுகிறார். மத்தாரோ நகரில் அவர் வளர்ந்த ரொக்கஃபொண்டா பகுதியின் அஞ்சல் குறியீடு 08304. புலம்பெயர்ந்த உழைப்பாளிகள் நிறைந்த பகுதி அது. எந்த நாடு என்று உலகம் கேட்கிறது. எந்தத் தெரு என்று அந்தப் பிள்ளை பதில் சொல்கிறது.

இதை ஏன் ஆசிரியர்களிடம் சொல்கிறேன்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை "இந்திக்காரப் பையன்" என்று சக மாணவர்கள் அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பையனின் தாய்மொழி ஒடியாவாக இருக்கலாம். அவன் பிறந்ததே திருப்பூராக இருக்கலாம். ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கினால் "நம்ம பள்ளிப் பையன்", சண்டை வந்தால் "வெளியூர்க்காரன்" என்றால், எது தன் இடம் என்று அவன் எப்படி நம்புவான்?

ஆகவே ஒரு சிறு செயல்பாட்டைப் பரிந்துரைக்கிறேன். பிறந்த ஊர், பெற்றோரின் ஊர், வீட்டில் பேசும் மொழி, இப்போது வசிக்கும் ஊர் என்று நான்கு வரிகளை எல்லா மாணவர்களும் எழுதட்டும். வெளிமாநிலப் பிள்ளைகளை மட்டும் எழுதச் சொல்ல வேண்டாம். உள்ளூர்ப் பிள்ளைகளில் பலருக்கும் நான்கு வரியும் ஒன்றாக இராது என்பது அப்போது வகுப்புக்கே புரியும். ஐந்தாவது வரியாக "என் ஊர்" என்று எழுதி, காலியாக விடுங்கள். அதை நிரப்பும் உரிமை அந்தப் பிள்ளைக்கு மட்டுமே. என்ன எழுதினாலும் திருத்தாதீர்கள்.