உப்பளத்து வெயிலும் சிறுநீரகமும்

(அனுமந்தையில் உப்பளத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் மில் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூலி, போனஸ், வீட்டுமனை என்று பேசித்தான் இந்த மரத்தடியில் நமக்குப் பழக்கம். இன்று நம் உடம்பைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். நாங்கள் டாக்டர்கள் அல்ல. ஆனால் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்லாமலிருப்பது குற்றமென்று கருதுகிறோம். காரணம் இருக்கிறது.

நம்மோடு பதினைந்து வருஷம் உப்பு வாரிய தோழர் ஒருவர். வயது நாற்பத்திரண்டு. குடிப்பழக்கம் இல்லை, சர்க்கரை வியாதி இல்லை. இரண்டு பருவமாக “இடுப்பு வலிக்கிறது, உடம்பெல்லாம் அசதி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உப்பளத்தில் யாருக்குத்தான் இடுப்பு வலிக்காது? கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஊர்வலத்துக்கு வந்த நாட்களில் நாங்களே அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஒருநாள் முகம் வீங்கி மூச்சு வாங்கவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய முழுவதும் கெட்டுவிட்டதாக டாக்டர் சொன்னார். இன்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் அவர் உயிர் ஓடுகிறது. அவருடைய பாத்தியில் இப்போது அவர் மனைவி வாருகிறார்.

“இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சொட்டு ரத்தம் சோதித்திருக்கக் கூடாதா?” என்று அந்த டாக்டர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. இதை சுயவிமர்சனமாகவே உங்கள் முன் வைக்கிறோம்.

சத்தமில்லாமல் கெடும் உறுப்பு

சிறுநீரகம் என்பது என்ன? முதுகுப்புறம், விலா எலும்புக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக, கைமுஷ்டி அளவில் இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். நாள் ஒன்றுக்கு சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கழிவை மட்டும் ஒன்றரை லிட்டர் அளவில் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. உடம்பில் உப்பின் அளவைக் காப்பதும், ரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதும், புதிய ரத்தம் ஊறச் செய்வதும் இவற்றின் வேலையே.

இந்த உறுப்பு முணுமுணுக்காமல் உழைக்கும். பாதிக்குமேல் கெட்டாலும் மீதி ஈடுகட்டும், வலிக்காது. கால் வீக்கம், முகவீக்கம், குமட்டல், சிறுநீரில் அடங்காத நுரை, உடம்பு வெளுப்பு, மூச்சுத் திணறல் இவை வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

எதனால் கெடுகிறது? சர்க்கரை வியாதியும் ரத்தக்கொதிப்பும் முதல் எதிரிகள். ஆனால் நம் தோழருக்குச் சர்க்கரை இல்லையே! வெயிலில் உழைப்பவரைத் தாக்கும் இன்னொரு எதிரியை இப்போது டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். வியர்வையில் உடம்பின் நீர் போய்விடுகிறது. ஈடாகத் தண்ணீர் குடிக்காவிட்டால் ரத்தம் சுண்டுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது. ஒருநாள் நடந்தால் தேறிவிடும். பருவம் முழுவதும், வருஷக்கணக்காக நடந்தால் அந்த வடிகட்டிகள் தழும்பேறிச் செத்துப்போகின்றன. செத்தது திரும்ப முளைப்பதில்லை.

இது வெறும் ஊகமல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 350-க்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தார்கள். பத்துக்கு ஒன்பது பேர் அனுமதிக்கத்தக்க அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்கிறார்கள் என்றும், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருக்கிறது என்றும் கண்டார்கள்.

கழனியில் இறங்கும் தோழர்கள் “அது உப்பளத்து வியாதி” என்று எண்ண வேண்டாம். கரும்பு வெட்டுவோர் மத்திய அமெரிக்காவில் நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும் இதே வியாதியால் ஆயிரக்கணக்கில் மாண்டிருக்கிறார்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளையும், ஆந்திராவின் உத்தானம் பகுதி ஜனங்களையும் காரணம் முழுவதும் விளங்காத சிறுநீரக வியாதி பல வருஷங்களாகப் பிடித்திருக்கிறது. மில் தோழர்களே, காற்றில்லாத ஸ்பின்னிங் பிரிவிலும் பாய்லர் பக்கத்திலும் நீங்கள் சிந்தும் வியர்வையும் இதே வியர்வைதான்.

தாய்மார்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

“தண்ணீர் குடியுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உப்பளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி, வரப்பு, வெள்ளை வெயில். ஒரு மரம் உண்டா? ஒரு மறைவு உண்டா? நம் தாய்மார்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஒதுங்க இடமில்லையென்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். மத்தியானம் வரை அடக்கிக்கொள்கிறார்கள். அதனால் சிறுநீர்ப் பாதையில் கிருமி சேர்கிறது, கடுக்கிறது, எரிகிறது. கவனிக்காவிட்டால் அது சிறுநீரகம் வரை ஏறுகிறது. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்லர். கழிப்பறை கட்டிக் கொடுக்காதவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

வேலை நேரத்தில் இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். நீராகாரமும் மோரும் நல்லவை. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறம் என்றால் நல்லது. கடும் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. டீ நிறம் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. ஏற்கெனவே சிறுநீரக வியாதியோ கால் வீக்கமோ உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

வலி மாத்திரை விஷயம் இன்னும் முக்கியம். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. உடம்பில் நீர் வற்றிய வேளையில் இவற்றைப் போடுவது, காய்ந்த வாய்க்காலுக்கு மடையையும் அடைப்பது போல. கடைக்காரர் கொடுத்தாலும் சரி, நாங்களே கொடுத்தாலும் சரி, டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள்.

சோதனை என்ன? டயாலிசிஸ் என்ன?

சோதனை மிகச் சின்னது. சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து, புரதம் ஒழுகுகிறதா என்று பார்க்கிறார்கள். கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்து ‘கிரியேட்டினின்’ என்ற கழிவின் அளவைப் பார்க்கிறார்கள். சல்லடை அடைபட்டால் இந்த அளவு ஏறும். கூடவே ரத்த அழுத்தமும் சர்க்கரையும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அவர்கள் எழுதிக் கொடுக்கும் அரசு ஆஸ்பத்திரியிலோ இவற்றுக்குக் காசு இல்லை. முளையிலே கண்டால் மருந்தாலும் பத்தியத்தாலும் பல வருஷம் தள்ளிப்போடலாம்.

“டயாலிசிஸ் வைத்தால் ஆள் அவ்வளவுதான்” என்று ஒரு பேச்சு ஊரில் உலவுகிறது. அது தவறு. ஊசிக் குழாய் வழியே ரத்தத்தை வெளியே எடுத்து, தலைமயிர் போன்ற ஆயிரக்கணக்கான குழல்களுக்குள் ஓடவிட்டுக் கழுவி, திரும்ப உடம்புக்குள் விடுவதே டயாலிசிஸ். ஒரு தடவைக்கு சுமார் நான்கு மணி நேரம். வாந்திபேதியாலோ வெயிலாலோ திடீரென்று நின்ற சிறுநீரகம் சில தடவைகளிலேயே மறுபடி ஓடத் தொடங்குவதும் உண்டு. முற்றிலும் கெட்டவர்களுக்கு இது ஆயுள் முழுவதும் வேண்டும், அல்லது மாற்றுச் சிறுநீரகம் வைக்க வேண்டும். இந்தியாவில் அந்த ஆபரேஷன் 1971-ல் வேலூரில் வெற்றியாயிற்று.

இந்த மெஷினை 1943-ல் நாஜிகளின் பிடியில் கிடந்த ஹாலந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் செய்தார். இறைச்சியை அடைக்கும் மெல்லிய செல்லோபேன் உறைதான் அவருக்குக் கிடைத்த சல்லடை. யுத்தம் முடிந்ததும் தாம் செய்த மெஷின்களைப் பிற நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு இனாமாகக் கொடுத்தார். இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் வாரம் மூன்று நாள் பஸ் செலவும் போன கூலியும் யார் தருவார்கள்? ஆகவே வருமுன் காப்பதே நமக்கு வழி.

தண்ணீர், நிழல், ஓய்வு

“ஓய்வு கொடுத்தால் வேலை கெடும்” என்பார்கள். எல் சால்வடாரில் 2014-15 பருவத்தில் கரும்பு வெட்டுவோர் சிலருக்கு முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையும், கூடார நிழலும், இடையிடையே ஓய்வும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓர் ஆள் ஒருநாளில் வெட்டிய கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக ஏறியது. வேலை கெடவில்லை, ஆளும் கெடவில்லை.

ஓய்வு யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. நம் ஊருக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் போனால் புதுச்சேரி. அங்கே சவானா மில் தொழிலாளர் 12 பேர் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அந்தப் போராட்டத்தின் பலனே எட்டு மணி நேர வேலை. அதுவும் ஒரு வைத்தியம்தான்.

வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று தமிழக அரசு 2024 அக்டோபரில் உத்தரவிட்டது. வரவேற்கிறோம். செத்த பிறகு 4 லட்சம் உண்டு. உயிரோடிருக்கையில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வேண்டாமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள். உப்பை விளைவித்தவரை யார் நினைப்பது?

நம் கோரிக்கைகள் நான்கு. பாத்திக்கு அருகில் குடிதண்ணீர். வெயிலுக்கு ஒதுங்கக் கொட்டகை. பெண்களுக்குக் கழிப்பறை. உச்சி வெயிலில் கூலி பிடிக்காமல் ஓய்வு. உப்பளத்துக்கும் கழனிக்கும் மில்லுக்கும் இவை பொது.

கோரிக்கை நிறைவேறும்வரை உடம்பு காத்திருக்காது. ஆகவே வருகிற புதன்கிழமை காலை இதே மரத்தடியில் கூடி, எல்லோரும் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவோம். பயப்படுகிறவரைப் பக்கத்து வீட்டுக்காரர் கைபிடித்து அழைத்து வரட்டும். முதல் ஊசிக்கு நாங்கள் கை நீட்டுகிறோம். நீங்களும் வாருங்கள், தோழர்களே!