கட்டடச் சிற்பியின் காலக் கணக்கு



தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அருகே, செங்கல்லால் சுருள் வடிவில் எழுந்து நிற்கும் இந்தியன் காப்பி ஹவுஸை நாம் அனைவரும் அறிவோம். அதனை அமைத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, 2007-இல் இத்திருவனந்தபுரத்திலேயே மறைந்தவர்.

அப்பெரியார் காலத்தைப் பேணிய முறையையே இன்று எண்ணிப் பார்க்க விழைகிறோம். பெரிய அலுவலகமோ, படம் வரைவோர் கூட்டமோ அவர் வைத்துக்கொள்ளவில்லை. பழைய தபால் உறையின் பின்புறமும் அவருக்கு வரைபடத் தாளாயிற்று. மனையிலேயே நின்று, கொத்தனாரோடு கலந்து பேசி, ஐயம் எழுந்த இடத்திலேயே முடிவு சொன்னார். ஐயம் கடிதமாகி, கடிதம் விடையாகித் திரும்பும் நாட்கள் மிச்சமாயின. சுவரைப் பூசாது விட்டதால் ஒரு வேலையே குறைந்தது. நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் ‘எலிப்பொறி’க் கட்டினால் செங்கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிஞ்சியது.

இதனால் நமக்கென்ன பயன்? நாம் கடன் பெற்று வீடு கட்டுவோர். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் வாடகையும் வட்டியும் ஒருசேர ஏறுகின்றன. அத்தாமதம் எப்போதும் கொத்தனாரால் வருவதன்று. பாதிச் சுவர் எழுந்தபின் சன்னலை இடம் மாற்றச் சொல்லும் நம்மாலும் வருவதே. ஆகவே, அஸ்திவாரம் தோண்டுமுன் குடும்பத்தோடு அமர்ந்து அனைத்தையும் முடிவு செய்வோம். அடுப்பங்கரையைப் பற்றித் தாய்மாரின் கருத்தை அன்றே கேட்போம். பின்னர் நாள்தோறும் காலையில் ஒருமுறை மனைக்குச் சென்று வருவோம்.