பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு

இந்த வாரம் கோடிங் பத்திப் பேசல. எங்க அப்பாவோட வலது கை பத்து நிமிஷம் வேலை செய்யாம போன கதையைச் சொல்லப் போறேன்.

போன வருஷம், ஒரு சனிக்கிழமை காலை. அப்பா காபி குடிச்சிட்டிருந்தப்போ தம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்திருக்கு. அம்மா என்னன்னு கேட்டா வாய் குழறுது. பத்து நிமிஷம்தான். அப்புறம் அதே கையால சட்டை பட்டன் போட்டுட்டு கடைக்குக் கிளம்பிட்டார். ராத்திரி அம்மா போன்ல சொன்னப்போ, "சரியாத் தூங்கியிருக்க மாட்டார்மா, ரெஸ்ட் எடுக்கச் சொல்லு"ன்னு சொன்னவன் நான்தான்.

ஆபீஸ்ல ஒரு பக் தானா வந்து தானா காணாமப் போனா எனக்குத் தூக்கம் வராது. காரணம் உள்ளேயேதான் இருக்குன்னு தெரியும், லாக் எடுத்துத் துருவுவேன். அப்பா விஷயத்துல மட்டும் டிக்கெட்டை மூடிட்டேன்.

செவ்வாய்க்கிழமை என்கிட்ட போன்ல பேசிட்டிருக்கும்போதே மறுபடி வந்துச்சு. வண்டிச் சாவியைப் பத்தி ஏதோ சொல்ல வந்தவர், "சா... சா..."ன்னு அங்கேயே நின்னுட்டார். நான் இருந்தது சென்னையில. அம்மாவை 108-க்குப் போன் பண்ணச் சொன்னேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள பேச்சு திரும்பிடுச்சு, "வீட்டுக்குப் போலாம்"னு ஆம்புலன்ஸ்லயே தகராறு. முதல்ல எப்போ வந்ததுன்னு டாக்டர் கேட்டார். அம்மா "சனிக்கிழமை"ன்னு சொன்னதும் அவர் எழுதறதை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்த்தாராம்.

இதுக்குப் பேர் டிரான்ஸியன்ட் இஸ்கீமிக் அட்டாக், சுருக்கமா டி.ஐ.ஏ. 'மினி ஸ்ட்ரோக்'னும் சொல்றாங்க. எனக்கு அந்தப் பேர் பிடிக்கல, மினின்னு கேட்டதும் மனசு அலட்சியமாயிடுது.

அப்பாவுக்கு நடந்தது இதுதான். கழுத்துல கை வச்சா துடிக்குமே, கரோட்டிட் ரத்தக்குழாய், அதோட இடது பக்கம் கொழுப்பு படிஞ்சு முக்கால்வாசிக்கு மேல அடைச்சிருந்தது. அந்தப் படிவு மேல உறையற ரத்தத்துல ஒரு துணுக்கு பிய்ச்சுக்கிட்டு மேல போய், மூளையில ஒரு சின்னக் குழாயை அடைக்குது. இடது மூளைதான் வலது கையைப் பார்த்துக்குது, பெரும்பாலானவங்களுக்குப் பேச்சையும். கொஞ்ச நேரத்துல துணுக்கு கரைஞ்சிடுது, கை திரும்பிடுது. ஆனா கழுத்துல இருக்கிற படிவு அப்படியேதான் இருக்கு. சில பேருக்கு ஒரு கண்ணுல மட்டும் திரை இறங்கின மாதிரி இருட்டி விலகும். அதுவும் இதே கதைதான். இதயத் துடிப்பு சீரில்லாம இருந்தாலும் அங்கிருந்து துணுக்கு கிளம்பி வரலாம்.

2000-ல கலிபோர்னியாவுல இருந்து ஒரு ஆய்வு வந்தது. டி.ஐ.ஏ.ன்னு எமர்ஜென்சிக்கு வந்த 1,707 பேர்ல 180 பேருக்கு 90 நாளுக்குள்ள ஸ்ட்ரோக். அந்த 180-ல 91 பேருக்கு முதல் 2 நாள்லயே. அதைப் படிச்சப்போ நான் எண்ணிப் பார்த்தது சனி, ஞாயிறு, திங்கள்.

2007-ல ஆக்ஸ்ஃபோர்டுல பீட்டர் ராத்வெல் குழு வெளியிட்டது இன்னொண்ணு. புது மருந்து எதுவும் இல்ல. நோயாளியை உடனே பார்த்து அன்னைக்கே மருந்தை ஆரம்பிச்சாங்க, அவ்வளவுதான். 90 நாள்ல மறுபடி ஸ்ட்ரோக் வர்றது 10.3 சதவீதத்துல இருந்து 2.1-க்கு இறங்கிச்சு.

"அப்போ வீட்லயே ஒரு ஆஸ்பிரின் போட்டுட்டா?"ன்னு சிலர் கேப்பீங்க. வேண்டாம். ரத்தக்கசிவும் இதே மாதிரி ஆரம்பிக்கலாம், ஸ்கேன் பார்க்காம சொல்ல முடியாது. முகம் கோணுதா, கை தொய்யுதா, பேச்சு குழறுதா, இதுல ஒண்ணு இருந்தாலும் மணியைக் குறிச்சுக்கிட்டுக் கிளம்புங்க. பாதி வழியில சரியாயிட்டாலும் திரும்பாதீங்க.

அப்பாவுக்கு அந்த வாரமே கழுத்துல ஆபரேஷன் பண்ணி, குழாயைத் திறந்து படிவை உரிச்சு எடுத்தாங்க. இப்போ நல்லா இருக்கார். சிகரெட்டை விட்டாச்சு, உப்புக்கு மட்டும் அம்மாவோட தினமும் சண்டை. இந்த எபிசோடைப் போடலாமான்னு கேட்டேன். "தம்ளர் உடைஞ்சதுன்னு சொல்லிடாத. ஸ்டீல் தம்ளர், லேசா நசுங்கிச்சு"ன்னார்.